லெட்டர்ல நாலு லட்சம்... கையில எவ்வளவு?

வெளிநாட்டு வேலைக்கான ஆஃபர் லெட்டர் மெயிலில் வந்து விழுந்ததும் முதலில் என்ன செய்வீர்கள்? சாமி கும்பிடுவது, நண்பனுக்கு போன் போடுவது எல்லாம் அப்புறம். முதல் வேலை, செல்போனில் கால்குலேட்டரைத் திறப்பது. யூரோவோ, வெள்ளியோ, திர்ஹாமோ... அன்றைய ரேட்டால் ஒரு பெருக்கு. அவ்வளவுதான், தரையில் கால் பாவாது!

சந்தோஷப்படுங்கள், தப்பே இல்லை. உழைத்து வாங்கிய ஆஃபர். ஆனால் அந்தப் பெருக்கலில் ஒரு சின்ன வில்லங்கம் இருக்கிறது. லெட்டரில் இருக்கும் தொகை உங்கள் பெயரில் இருக்குமே தவிர, அது முழுவதும் உங்களுடையது கிடையாது. அதில் பங்கு கேட்க அந்த நாட்டு அரசாங்கம் இருக்கிறது, வீட்டு உரிமையாளர் இருக்கிறார், இன்ஷூரன்ஸ் இருக்கிறது, சில சமயம் சர்ச்கூட இருக்கிறது. என்னது, சர்ச்சா? ஆமாம். பொறுங்கள், வருகிறேன்.

மூணு சம்பளம்!

வெளிநாட்டில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் மூன்று சம்பளம் உண்டு. முதலாவது, லெட்டர் சம்பளம். ஹெச்.ஆர். எழுதிக் கொடுப்பது. இரண்டாவது, பேங்க் சம்பளம். வரி, பிடித்தம் எல்லாம் போக அக்கவுன்ட்டில் விழுவது. மூன்றாவது, மிச்ச சம்பளம். வாடகை, சாப்பாடு, பஸ், போன் எல்லாம் கொடுத்த பிறகு மாசக் கடைசியில் நிற்பது.

நம்மில் பெரும்பாலானவர்கள் வீட்டில் சொல்வது முதல் சம்பளத்தை. ஆனால் எஜுகேஷன் லோன் இ.எம்.ஐ., தங்கை கல்யாணம், அடகு வைத்த நகை... எல்லாவற்றையும் மீட்க வேண்டியது மூன்றாவது சம்பளம். சிக்கலே இங்கேதான். நீங்கள் போனில் சொன்ன தொகை வீட்டில் வெறும் தகவலாக நிற்காது. அது வாக்குறுதி ஆகிவிடும். அதை நம்பி அப்பா வீட்டு மாடிக்கு அஸ்திவாரம் போட்டுவிடுவார். ஆறு மாதம் கழித்து, "ஏன்டா, மாசம் நாலு லட்சம்னு சொன்னியே?" என்று ஒரு குரல் கேட்கும்போது பதில் சொல்ல முடியாமல் விழிப்பவர்கள் நிறைய.

அதனால், இந்த மூன்று சம்பளமும் எப்படிப் பிரிகின்றன என்று நம்மவர்கள் அதிகம் யோசிக்கும் மூன்று ஊர்களை வைத்துப் பார்த்துவிடலாம். ஜெர்மனி, துபாய், சிங்கப்பூர். மூன்றும் மூன்று விதம். மூன்றையும் புரிந்துகொண்டால் வேறு எந்த நாட்டு ஆஃபரையும் படிக்கப் பழகிவிடுவீர்கள்.

ஜெர்மனி: முதலிலேயே பிடித்துவிடுவார்கள்

ஜெர்மனியில் வேலைக்கு விண்ணப்பிக்கும்போதே 'எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள்?' என்று கேட்பார்கள். அங்கே வழக்கம், பிடித்தத்துக்கு முந்தைய முழு ஆண்டுச் சம்பளத்தைச் சொல்வது. அதற்குப் பெயர் புருட்டோ. பிடித்தம் போக வருவது நெட்டோ. நீங்கள் பாட்டுக்கு மாசக் கணக்கையோ, கைக்கு வர வேண்டிய தொகையையோ எழுதிவிட்டால், பேரத்தில் தோற்பது நீங்கள்தான்.

இன்னொரு விஷயம். நம்ம ஊர் சி.டி.சி. இருக்கிறதே, அதில் கம்பெனி கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாவற்றையும் சேர்த்து உப்ப வைத்திருப்பார்கள். ஜெர்மன் புருட்டோ அப்படி இல்லை. கம்பெனியின் பங்கு அதற்கு வெளியே தனி. ஆகவே சி.டி.சி.யையும் புருட்டோவையும் நேருக்கு நேர் வைத்து ஒப்பிடாதீர்கள்.

சரி, ஆண்டுக்கு 50,000 யூரோ ஆஃபர் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வயது 24, கல்யாணம் ஆகவில்லை. 2025-ம் ஆண்டு விதிகளின்படி கணக்குப் போடலாமா?

முதலில் சமூகக் காப்பீடு. ஓய்வூதியத்துக்கு 9.3 சதவிகிதம். வேலையிழப்புக் காப்பீட்டுக்கு 1.3. மருத்துவக் காப்பீட்டுக்கு சராசரியாக 8.55. முதுமையிலோ நோயிலோ பராமரிப்புத் தேவைப்பட்டால் உதவும் காப்பீட்டுக்கு, குழந்தை இல்லாதவர் என்றால் 2.4. கூட்டினால் 21.55 சதவிகிதம். அதாவது 10,775 யூரோ. இதில் உங்கள் கம்பெனியும் தன் பங்குக்கு ஏறக்குறைய இதே அளவு கட்டும்.

அடுத்து வருமான வரி. 2025-ல் முதல் 12,096 யூரோவுக்கு வரி இல்லை. அதற்கு மேல் 14 சதவிகிதத்தில் ஆரம்பித்துப் படிப்படியாக ஏறும். சுமார் 68,500 யூரோவுக்கு மேல் போகும் பகுதிக்கு 42 சதவிகிதம். நம்ம 50,000 யூரோ ஆசாமிக்குக் கழிவுகள் எல்லாம் போக ஏறக்குறைய 6,900 யூரோ வரி வரும்.

ஆக, 4,166 யூரோ மாசச் சம்பளம், பேங்க்குக்கு வரும்போது 2,690 யூரோ சொச்சம். யூரோவை நூறு ரூபாய் என்று ரவுண்டாக வைத்துக்கொண்டால், நாலு லட்சத்துப் பதினாறாயிரம், இரண்டு லட்சத்து அறுபத்தொன்பதாயிரம் ஆகிவிட்டது. இன்னும் நீங்கள் ஒரு காபிகூடக் குடிக்கவில்லை!

இப்போது மூன்றாவது சம்பளத்துக்குப் போவோம். வாடகை விளம்பரத்தில் இரண்டு தொகை போட்டிருப்பார்கள். ஒன்று 'குளிர் வாடகை', இன்னொன்று 'சூடான வாடகை'. ஜோக் இல்லை, ஜெர்மன் பெயர்களுக்கு அர்த்தமே அதுதான். குளிர் வாடகை என்பது வெறும் வீட்டுக்கு. ஹீட்டர், தண்ணீர், குப்பை, பராமரிப்பு எல்லாம் சேர்ந்தால் சூடான வாடகை. கணக்குப் போட வேண்டியது இரண்டாவதை. மின்சாரம் பெரும்பாலும் அதற்கும் வெளியே. அட்வான்ஸாக மூன்று மாதக் குளிர் வாடகை வரை கேட்க சட்டம் அனுமதிக்கிறது. முதல் சம்பளம் வருவதற்கு முன்பே இந்தப் பணம் கையில் வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு. சூடான வாடகை 900, சாப்பாடு 300, மின்சாரம், பஸ், போன், இன்டர்நெட், வீட்டுக்கு வீடு கட்டியே ஆக வேண்டிய டி.வி.-ரேடியோ கட்டணம் எல்லாம் சேர்த்து 150, மற்ற செலவு 200. மொத்தம் 1,550. மிச்சம் 1,140 யூரோ. இதில் நாற்பதாயிரம் ரூபாய் லோன் இ.எம்.ஐ. கட்டினால், நிற்பது 740 யூரோ. மூனிச்சில் வாடகை இன்னும் எகிறும். லைப்ஸிக் மாதிரி ஊரில் குறையும். அதே சம்பளம், ஊர் மாறினால் வேறு சம்பளம்!

பயந்துவிடாதீர்கள். அந்தப் பிடித்தம் எல்லாம் வீணாகப் போகவில்லை. டாக்டரிடம் போனால் பில்லைப் பார்த்து மயக்கம் வராது. வேலை போனாலும், அதற்கு முந்தைய இரண்டரை வருடத்தில் 12 மாதம் காப்பீடு கட்டியிருந்தால் உதவித்தொகை உண்டு. ஓய்வூதியத்துக்குக் கட்டியது 60 மாதத்துக்குள் என்றால், ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறி 24 மாதம் கழித்து உங்கள் பங்கைத் திருப்பிக் கேட்டு விண்ணப்பிக்கலாம். கம்பெனி கட்டிய பங்கு வராது.

இதோ, யாரும் சொல்லித் தராத மூன்று பாயின்ட்டுகள்.

ஒன்று, சர்ச் வரி. ஊருக்குப் போனதும் குடியிருக்கும் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அந்த ஃபாரத்தில் மதம் கேட்பார்கள். கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் என்று பதிவானால் உங்கள் வருமான வரியில் 9 சதவிகிதம், பவேரியா, பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலங்களில் 8 சதவிகிதம், சர்ச்சுக்காகப் பிடிக்கப்படும். நம் கணக்கில் மாதம் ஐம்பது யூரோ பக்கம். பொய் எழுதச் சொல்லவில்லை. சம்பள ஸ்லிப்பைப் பார்த்து அதிர்ச்சி அடையாமல், முன்பே தெரிந்துகொள்ளுங்கள் என்கிறேன்.

இரண்டு, கல்யாணம். மணமானவர்களுக்கு வரி குறையும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உண்மைதான். ஆனால் மனைவியோ கணவரோ திருச்சியில் இருந்துகொண்டு நீங்கள் மட்டும் ஸ்டுட்கார்ட்டில் இருந்தால் அந்தச் சலுகை வராது. இருவரும் அங்கே குடித்தனம் நடத்த வேண்டும்.

மூன்று, ரிட்டர்ன். வருடத்தின் நடுவில் சேர்ந்தால், கம்பெனி என்னவோ முழு வருடமும் அதே சம்பளம் வாங்குவது போலத்தான் மாதாமாதம் வரி பிடிக்கும். செப்டம்பரில் சேர்ந்த நம்ம 50,000 யூரோ ஆசாமிக்கு அந்த நாலு மாதச் சம்பளம் பதினாறாயிரத்துச் சொச்சம்தான். கழிவு போனால் வரியே இல்லாத வரம்புக்குள் வந்துவிடுகிறது! அந்த வருடம் வேறு வருமானம் இல்லாத ஃப்ரெஷர் என்றால், பிடித்த வரி ஏறக்குறைய முழுதாகத் திரும்பி வரும். அது இரண்டாயிரம் யூரோவுக்கு மேல். அந்த வருடத்தின் முன்பாதியில் இந்தியாவில் சம்பாதித்திருந்தால் அதையும் காட்ட வேண்டும். அதற்கு ஜெர்மனியில் வரி இல்லை, ஆனால் வரி விகிதத்தைக் கணக்கிட அதைச் சேர்த்துப் பார்ப்பார்கள். கட்டாயம் இல்லாதவர்களும் நாலு வருடத்துக்குள் ரிட்டர்ன் போட்டுப் பணத்தை வாங்கலாம். 'எல்ஸ்டர்' என்ற அரசு இணையதளத்தில் இதற்குக் கட்டணம் கிடையாது. சோம்பேறித்தனத்துக்கு இவ்வளவு விலை கொடுக்காதீர்கள் பாஸ்!

துபாய்: வரி இல்லை... அப்புறம்?

"துபாய்ல டாக்ஸே கிடையாதுடா!" என்று கூடப் படித்தவன் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. ஐக்கிய அரபு அமீரகத்தில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. 2018 ஜனவரியில் 5 சதவிகித மதிப்புக் கூட்டு வரி வந்தது. அது நீங்கள் வாங்கும் பொருளுக்கு. 2023-ல் வந்த 9 சதவிகித வரி கம்பெனிகளின் லாபத்துக்கு. உங்கள் சம்பளத்தை இரண்டும் தொடாது. ஆக, லெட்டர் சம்பளமும் பேங்க் சம்பளமும் ஏறக்குறைய ஒன்றே.

அப்படியானால் எங்கே கவனிக்க வேண்டும்? 'பேசிக்' என்ற இடத்தில். அங்கே சம்பளத்தை பேசிக், வீட்டுப்படி, போக்குவரத்துப்படி என்று உடைத்து எழுதுவார்கள். மொத்தம் 6,000 திர்ஹாம் என்று இரண்டு கம்பெனிகள் கொடுக்கின்றன. ஒன்றில் பேசிக் 2,400. இன்னொன்றில் 3,600. மாசா மாசம் கையில் வருவது ஒன்றுதான். ஆனால் அங்கே வரியும் இல்லை, வெளிநாட்டவருக்கு ஓய்வூதியமும் இல்லை. வேலையை முடித்துக் கிளம்பும்போது கிடைக்கும் பணிக்கொடை ஒன்றுதான் சேமிப்பு. அதை பேசிக்கை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். முதல் ஐந்து வருடத்துக்கு, வருடத்துக்கு 21 நாள் பேசிக். அதற்கு மேல் ஒவ்வொரு வருடத்துக்கும் 30 நாள் பேசிக். ஒரு வருடம் முடிக்காமல் கிளம்பினால் ஒன்றும் கிடையாது.

கணக்குப் பாருங்கள். ஐந்து வருடம் கழித்து முதல் கம்பெனியில் 8,400 திர்ஹாம். இரண்டாவதில் 12,600. ஒரே 'ஆறாயிரம்', ஆனால் 4,200 திர்ஹாம் வித்தியாசம்! லெட்டரில் ஒரே ஒரு வரியைப் படிக்காமல் விட்டதற்கு இவ்வளவு நஷ்டம்.

துபாயில் உங்கள் 'வரி'யை வாங்குவது வாடகைதான். வருட வாடகையை முன்தேதி போட்ட சில செக்குகளாக மொத்தமாகக் கேட்கும் வழக்கம் உண்டு. அதனால்தான் புதிதாகப் போகிறவர்கள் தேராவிலும் கராமாவிலும் 'பெட் ஸ்பேஸ்' தேடுகிறார்கள். ஓர் அறையில் ஒரு கட்டிலுக்கு மட்டும் வாடகை! எனவே 'அக்காமடேஷன் கம்பெனி தருமா, படியாகத் தருமா?' என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் துபாய்ச் சம்பளத்தை யாரிடமும் சொல்லாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. 'விசா செலவு, ஏஜென்ட் செலவு எல்லாம் சம்பளத்தில் பிடித்துக்கொள்வோம்' என்று யாராவது சொன்னால் உஷார். வேலைக்கு எடுப்பதற்கான செலவைத் தொழிலாளியின் தலையில் கட்டக் கூடாது என்கிறது அமீரகச் சட்டம். நம்ம பக்கத்திலும், பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று வெளியுறவுத் துறையின் 'இ-மைக்ரேட்' தளத்தில் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். லட்சக்கணக்கில் கேட்பவர் உங்களுக்கு வேலை வாங்கித் தரவில்லை. உங்களுடைய முதல் வருடச் சம்பளத்தை வாங்கிக்கொள்கிறார்.

சிங்கப்பூர்: அப்புறமா வந்து கேட்பார்கள்

சிங்கப்பூர் கதை வேறு. அங்கே மாதாமாதம் சம்பளத்தில் வருமான வரி பிடிக்கும் வழக்கம் இல்லை. முழுச் சம்பளமும் அக்கவுன்ட்டுக்கு வந்துவிடும். 'அட, இங்கேயும் டாக்ஸ் இல்லபோல' என்று நினைத்துச் செலவு செய்தால், அடுத்த வருடம் பில் வந்து கதவைத் தட்டும்!

டிகிரி முடித்தவர்களுக்கான 'எம்ப்ளாய்மென்ட் பாஸ்' வேண்டும் என்றால், 2025 ஜனவரி முதல் புதிய விண்ணப்பங்களுக்குக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 5,600 வெள்ளி. நிதித்துறை என்றால் 6,200. வயது கூடக்கூட இந்த வரம்பும் கூடும். அதோடு சம்பளம், படிப்பு, கம்பெனியின் நிலைமை என்று பார்த்து மதிப்பெண் போடும் முறையும் 2023 செப்டம்பரிலிருந்து இருக்கிறது.

5,600 வெள்ளி வாங்குபவருக்கு ஆண்டுக்கு 67,200. முதல் 20,000 வெள்ளிக்கு வரி இல்லை. பிறகு 2, 3.5, 7 சதவிகிதம் என்று ஏறும். மொத்தம் சுமார் 2,400 வெள்ளி. பன்னிரண்டு தவணையாகக் கட்டலாம் என்பதால், மாதம் 200 வெள்ளியை முதல் மாதத்திலிருந்தே ஒதுக்கி வைத்துவிட்டால் நிம்மதி.

இதெல்லாம் வரி விஷயத்தில் நீங்கள் 'குடியிருப்பவர்' என்றால்தான். பொதுவாக ஓர் ஆண்டில் 183 நாள் அங்கே இருக்க வேண்டும். வருடக் கடைசியில் சேர்ந்தாலும், அடுத்த வருடமும் தொடர்ந்து வேலை பார்த்து 183 நாளைத் தொட்டுவிட்டால் இரண்டு வருடத்துக்குமே குடியிருப்பவராகக் கருதும் சலுகை உண்டு. ஆனால் மேனேஜரோடு சண்டை போட்டு ஐந்தே மாதத்தில், ஒரே ஆண்டுக்குள் கிளம்பிவிட்டால்? 15 சதவிகிதம் நேரடி வரி. 28,000 வெள்ளி சம்பாதித்ததற்கு 4,200 வெள்ளி. குடியிருப்பவராக இருந்திருந்தால் இதே தொகைக்கு வரி சுமார் 140 வெள்ளிதான்! கோபத்துக்கும் விலை உண்டு.

'கட்டாமல் கிளம்பிவிட்டால்?' என்று ஒரு கேள்வி எழுகிறதா? நடக்காது. நீங்கள் வேலையை விடும்போது கம்பெனி வரித்துறைக்கு ஒரு மாதம் முன்பே தகவல் சொல்ல வேண்டும். அதுவரை கொடுக்க வேண்டிய பணத்தை நிறுத்தி வைத்து, வரி தீர்ந்த பிறகுதான் மிச்சம் தருவார்கள். ஆகவே கடைசி மாதச் சம்பளத்தை நம்பி டிக்கெட் போடாதீர்கள்.

சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மத்திய சேமநிதி உண்டு. பாஸில் வேலை பார்க்கும் வெளிநாட்டவருக்கு அது இல்லை. பிடித்தமும் இல்லை, கம்பெனியின் பங்கும் இல்லை. அதனால் பக்கத்து சீட் சிங்கப்பூரரைவிட உங்கள் கைக்குக் கூடுதலாக வருவது போலத் தோன்றும். நிஜத்தில் அவருக்குப் பின்னால் ஒரு சேமிப்பு வளர்கிறது, உங்களுக்கு வளரவில்லை. எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்றால் மருத்துவ இன்ஷூரன்ஸ் எடுத்துத் தரும் சட்டக் கட்டாயமும் கம்பெனிக்கு இல்லை. கேட்டு வாங்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

நம்ம ஊர் வரி விடுமா?

"வெளிநாட்டுல சம்பாதிக்கிறதுக்கு இந்தியாவுல வரி கட்டணுமா?" இதற்குப் பதில், நீங்கள் ஃப்ளைட் ஏறும் தேதியில் இருக்கிறது.

நம் நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. வேலைக்காக வெளிநாடு போகும் இந்தியக் குடிமகன், அந்த ஆண்டில் 182 நாளுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்தால் வரி விஷயத்தில் அவர் வெளிநாட்டு வாசி. அவருடைய வெளிநாட்டுச் சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. ஏப்ரல் 1 முதல் இங்கேயே இருந்தவர் செப்டம்பர் 28-ல் கிளம்பினால் 181 நாள். தப்பித்தார். டிசம்பரில் கிளம்பினால் அந்த ஆண்டு முழுக்க அவர் இந்தியவாசி. ஜனவரி முதல் மார்ச் வரை வெளிநாட்டில் வாங்கிய சம்பளத்தையும் இங்கே காட்ட வேண்டும். ஜெர்மனி என்றால் அங்கே கட்டிய வரியை இங்கே கழித்துக்கொள்ள இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் உதவும். துபாய் என்றால்? அங்கே கட்டவே இல்லையே, எதைக் கழிப்பது! அந்த மூன்று மாதச் சம்பளம் இங்கே வரிக் கணக்கில் வந்துவிடும். கிளம்பிய அதே ஆண்டில் லீவுக்கு ஊருக்கு வரும் நாட்களும் கணக்கில் சேரும், மறக்காதீர்கள்.

2020 பட்ஜெட்டின்போது 'வளைகுடாவில் இருப்பவர்களுக்கு எல்லாம் இனி வரி' என்று ஒரு பீதி கிளம்பியது நினைவிருக்கலாம். அங்கே உழைத்துச் சம்பாதிக்கும் சம்பளத்துக்கு அப்படி வரி இல்லை என்று அப்போதே அரசு விளக்கம் கொடுத்துவிட்டது. ஆனால் இந்தியாவில் உங்களுக்கு வரும் வாடகை, வட்டி போன்ற வருமானத்துக்கு நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் இங்கே வரி உண்டு.

வேலைக்காக வெளிநாடு போனதும், இங்கிருக்கும் சாதா சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். அங்கிருந்து அனுப்பும் பணத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு. என்.ஆர்.இ. வட்டிக்கு இங்கே வரி இல்லை. என்.ஆர்.ஓ. வட்டிக்கு உண்டு. அப்பா அம்மாவுக்கு நீங்கள் அனுப்பும் பணத்துக்கு அவர்கள் வரி கட்ட வேண்டியதில்லை. அதை அவர்கள் ஃபிக்ஸட் டெபாசிட்டில் போட்டால், வரும் வட்டி மட்டும் அவர்களுடைய வருமானம்.

எவ்வளவு கேட்கலாம்?

'உங்கள் எதிர்பார்ப்பு என்ன?' என்று ஹெச்.ஆர். கேட்டதும், இப்போது வாங்குவதை இரண்டால் பெருக்கிச் சொல்வது நம்மவர்கள் பலரின் ஃபார்முலா. அதை விடுங்கள். கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள். மூன்றாவது சம்பளத்தில் ஆரம்பித்து மேலே ஏறுங்கள்.

ஜெர்மனிக்கே போட்டுப் பார்ப்போம். வீட்டுக்கு மாதம் 60,000 ரூபாய் அனுப்பியே ஆக வேண்டும். அது 600 யூரோ. உங்கள் சேமிப்பு 300. அங்கே வாழ 1,550. கூட்டினால் 2,450. இது பேங்க் சம்பளம். இது கைக்கு வர வேண்டும் என்றால் லெட்டர் சம்பளம் ஆண்டுக்கு 45,000 யூரோ அளவில் இருக்க வேண்டும். இப்போது உங்களுக்கு ஒரு தளம் கிடைத்துவிட்டது. இதற்குக் கீழே வந்தால், எவ்வளவு பெரிய கம்பெனியாக இருந்தாலும் யோசியுங்கள்.

அடுத்து, சந்தை விலை. ஜெர்மனியின் அரசு வேலைவாய்ப்பு அமைப்பு, எந்த வேலைக்கு எந்த மாநிலத்தில் நடுவாந்தரச் சம்பளம் எவ்வளவு என்று தன் இணையதளத்தில் 'என்ட்கெல்ட் அட்லஸ்' என்ற பெயரில் இலவசமாகவே காட்டுகிறது. சிங்கப்பூர் அரசின் வேலைத் தளமான 'மைகேரியர்ஸ்ஃபியூச்சர்' விளம்பரங்களில் சம்பள வரம்பு போட்டிருக்கும்.

மூன்றாவது, விசா வரம்பு. ஜெர்மனியின் 'புளூ கார்டு'க்கு 2025-ல் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 48,300 யூரோ. ஆள் பற்றாக்குறை உள்ள துறைகளுக்கும், பட்டம் வாங்கி மூன்று வருடத்துக்குள் இருப்பவர்களுக்கும் 43,759.80 யூரோ. இது வருடா வருடம் மாறும். விண்ணப்பிக்கும் ஆண்டின் தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்கும் சம்பளம் இந்த வரம்புக்குக் கீழே இருந்தால், அடக்கமாகக் கேட்டதாக நினைத்து நீங்களே உங்கள் விசாவைக் கெடுத்துக்கொள்கிறீர்கள். கூச்சத்துக்கு இங்கே மதிப்பெண் கிடையாது!

கையெழுத்துக்கு முன்னால் ஏழு கேள்வி

இவற்றை ஹெச்.ஆரிடம் மெயிலில் கேளுங்கள். பதிலும் எழுத்தில் வரட்டும்.

1. இந்தத் தொகை வரிக்கும் பிடித்தத்துக்கும் முந்தையதா, பிந்தையதா? மாதமா, வருடமா?

2. இதில் நிச்சயமான சம்பளம் எவ்வளவு, 'கிடைத்தால்' வரும் போனஸ் எவ்வளவு?

3. பேசிக் எவ்வளவு? எந்தெந்தப் படிகள்?

4. எந்த ஊரில் வேலை? தங்குமிடம் யார் பொறுப்பு?

5. மருத்துவ இன்ஷூரன்ஸ் உண்டா? குடும்பத்துக்கும் சேர்த்தா?

6. விசா, டிக்கெட், வீடு மாறும் செலவு யாருடையது? இடையில் விட்டால் திருப்பிக் கேட்பீர்களா?

7. நான் வேலையில் சேரும் தேதி எது?

ஏழாவது கேள்வி எதற்கு என்று இப்போது உங்களுக்கே தெரியும். ஒரு தேதியை முன்னே பின்னே தள்ளுவதில் இரண்டு நாட்டு வரியும் மாறும்.

கேள்வி கேட்டால் ஆஃபரைப் பிடுங்கிவிடுவார்களோ என்று பயப்பட வேண்டாம். சம்பளத்தைத் தெளிவாகக் கேட்பவர், வேலையையும் தெளிவாகச் செய்வார் என்றுதான் நல்ல கம்பெனி நினைக்கும். கேட்டதற்கே கோபப்படும் கம்பெனி என்றால், அங்கே போய் மாட்டிக்கொள்ளாமல் இங்கேயே தெரிந்துகொண்டது லாபம்.

வரி குறைவான நாடு நல்ல நாடு, அதிகமான நாடு மோசமான நாடு என்று இல்லை. ஒன்று இப்போது கொடுத்துவிட்டு 'நாளைக்கு நீ பார்த்துக்கோ' என்கிறது. இன்னொன்று இப்போது பிடித்துக்கொண்டு 'நாளைக்கு நான் பார்த்துக்கறேன்' என்கிறது. இரண்டு வருடம் உழைத்து லோனை அடைத்துவிட்டு ஊர் திரும்ப நினைப்பவருக்கு ஒன்று பொருந்தும். குடும்பத்தோடு அங்கேயே காலூன்ற நினைப்பவருக்கு இன்னொன்று பொருந்தும். நீங்கள் எந்த ரகம் என்று முடிவு செய்யுங்கள். அப்புறம் பேனாவை எடுங்கள்.

கால்குலேட்டரில் பெருக்கல் குறிக்குப் பக்கத்திலேயே கழித்தல் குறியும் இருக்கிறது. அதையும் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். ஆல் தி பெஸ்ட்!